எல்லைக்கோடு நம் கல்லாப் பெட்டிக்கே வந்துவிட்டது



1991-ஆம் ஆண்டு ஜூன் மாதம். இடையஞ்சாவடியில் என் தகப்பனார் நடத்திவந்த மளிகைக் கடையில் நான் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்த வயது. மே 21-ஆம் தேதி ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை. மரக்காணம் உப்பளத்திலிருந்து உப்பு ஏற்றி வரும் லாரியை எல்லாம் நிறுத்தி, மூட்டையைக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் மாலை இரண்டு காவலர்கள் கடைக்கு வந்தார்கள். "போன மாசம் ஒரே ஆளுக்கு நாலு டஜன் பேட்டரி கட்டை வித்தியாமே, யாருக்கு?" என்று கேட்டார்கள். அப்பா பதில் சொல்லி முடிப்பதற்குள் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

இரண்டு இரவுகள் அவர் வீட்டுக்கு வரவில்லை. மொத்தமாக எது வாங்கினாலும் பெயர், ஊர் எழுதி, கார்பன் வைத்து பில் போடுவது அப்பாவின் வழக்கம். மூன்றாம் நாள் காலை அந்த பில் புத்தகத்தை எடுத்துக்கொண்டு என் சித்தப்பா ஓடினார். பில்லில் இருந்த பெயர் கடலோரக் குப்பத்துப் படகுக்காரர் ஒருவருடையது. ராத்திரி வலைக்குப் போகும் நான்கு படகுகளுக்குச் சேர்த்து டார்ச் லைட் கட்டை வாங்கியிருந்தார். அவரை வரவழைத்துக் கேட்டார்கள்; விஷயம் தெளிந்தது; அப்பா வீட்டுக்கு வந்தார். அந்த பில் மட்டும் இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றுவரை நினைத்துப் பார்க்கவே மனம் கூசுகிறது.

அதே ஜூன் மாதத்தில்தான் 19 வயதுப் பேரறிவாளன் கைது செய்யப்பட்டார். எந்தக் கடையிலும் கிடைக்கக்கூடிய இரண்டு 9 வோல்ட் பேட்டரிகளை வாங்கிக் கொடுத்தார் என்பது அவர்மீது சொல்லப்பட்ட முக்கியமான குற்றச்சாட்டு. தூக்குத் தண்டனை, பிறகு ஆயுள் தண்டனை, கடைசியில் 2022 மே 18-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தால் விடுதலை. இதற்கு 31 ஆண்டுகள் ஆயின. அந்த வழக்கின் நியாய அநியாயத்தைப் பேசுவது இக்கட்டுரையின் நோக்கமல்ல. ஆனால் கடையில் நாம் தூக்கிக் கொடுக்கும் ஒரு சாதாரணப் பொருள் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

"பயங்கரவாதம் என்பது காஷ்மீரத்து விவகாரம், டெல்லியின் கவலை, நமக்கென்ன?" என்று நம்மில் பலர் இன்னும் நினைக்கிறார்கள். அந்த நினைப்பு இனி உதவாது. நேற்று எல்லைப்புறத்தில் நடந்த போராட்டம் இன்று நம் கல்லாப் பெட்டிக்கு முன்னால் வந்து நிற்கிறது. அதை எப்படி எதிர்கொள்ளப் போகிறோம் என்பதே கேள்வி.

மாறிவரும் முறை

முன்பெல்லாம் பயங்கரவாதம் என்றால் பெரிய இயக்கம், பெரும் பணம், வெளிநாட்டிலிருந்து வரும் வெடிமருந்து. 1993 மார்ச் 12-ஆம் தேதி பம்பாயில் வரிசையாகக் குண்டு வெடித்து 257 பேர் மாண்டனர். குண்டு வைத்த இடங்களைக் கவனியுங்கள்: பங்குச் சந்தை, ஜவேரி பஜார், செஞ்சுரி பஜார். வணிகத்தின் நெஞ்சில்தான் அடித்தார்கள். அந்த வெடிமருந்து ராய்கட் கடற்கரையில் படகு மூலம் இறக்கப்பட்டது. லஞ்சம் வாங்கிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்ட சுங்க அதிகாரிகளும் போலீசாரும் பின்னர் தண்டிக்கப்பட்டார்கள். 1996 ஜனவரி 31-ஆம் தேதி கொழும்பில் மத்திய வங்கிமீது வெடிகுண்டு லாரியை மோதியதில் 90-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அங்கும் குறி பொருளாதாரத்தின்மீதே.

அதற்கு முந்தைய வருடமே அமெரிக்காவில் வேறொரு முறை தலைகாட்டிவிட்டது. 1995 ஏப்ரல் 19-ஆம் தேதி ஒக்லஹோமா நகரில் அரசுக் கட்டடம் ஒன்று தகர்க்கப்பட்டு 168 பேர் இறந்தார்கள். இதைச் செய்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர். வெடிமருந்தின் முக்கியப் பகுதி, விவசாயிகளுக்கு உரம் விற்கும் கடையில் வாங்கியது. குற்றவாளியைச் சிக்கவைத்த தடயங்களில் ஒன்று என்ன தெரியுமா? உர மூட்டைக்கு அந்தக் கடையில் போட்டுக் கொடுத்த ரசீது. கூட்டாளியின் வீட்டில் கிடைத்த அந்த ரசீதில் முக்கியக் குற்றவாளியின் கைரேகை இருந்தது.

அதன் பிறகு உலகம் போன பாதை இதுதான். பெரிய இயக்கங்கள் நிலத்தை இழந்தன. ஐ.எஸ். இயக்கம் 2019 மார்ச்சில் சிரியாவில் தன் கடைசித் துண்டு நிலத்தையும் இழந்தது. ஆனால் செல்போன் திரை வழியாக அதன் பேச்சைக் கேட்டு, தன் வீட்டு அறையிலேயே வெறியேறும் இளைஞர்கள் பல நாடுகளில் முளைத்தார்கள். பிரான்சின் நீஸ் நகரில் 2016-ல் வாடகை லாரி ஒன்றே ஆயுதமாகி 86 பேரைக் கொன்றது. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் 2019-ல் வேறொரு வெறி கொண்டவன், இரண்டு பள்ளிவாசல்களில் 51 பேரைச் சுட்டுக் கொன்று, அதை இணையத்தில் நேரடியாகக் காட்டினான். வெறிக்கு ஒரே மதம், ஒரே நிறம் என்று இல்லை. இன்னொரு பக்கம், ஆட்சி தளர்ந்த இடங்களில் பழைய மாதிரியான ஆயுதக் குழுக்கள் வேரூன்றுகின்றன. 2024-ல் உலகில் பயங்கரவாதத்தால் இறந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஆப்பிரிக்காவின் சஹேல் பகுதியில் இறந்தவர்கள்.

நம் நாட்டிலும் இதே மாற்றத்தைக் காண்கிறோம். 2022 அக்டோபர் 23, தீபாவளிக்கு முதல் நாள் விடியற்காலை, கோவை உக்கடத்தில் கோட்டை ஈஸ்வரன் கோவில் முன்பு ஒரு கார் வெடித்தது. உள்ளே இருந்தது சமையல் எரிவாயு சிலிண்டர். ஓட்டி வந்தவரின் வீட்டில் 75 கிலோ வேதிப்பொருட்கள் கைப்பற்றப்பட்டன. தீபாவளிச் சந்தை கூடிய பிறகு அந்தக் கார் கூட்டத்துக்குள் போயிருந்தால்? நினைக்கவே நெஞ்சு நடுங்குகிறது. 2025 நவம்பர் 10-ஆம் தேதி டெல்லி செங்கோட்டை அருகே கார் வெடித்துப் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதையொட்டி ஃபரீதாபாத்தில் பிடிபட்ட வெடிபொருள் சரக்கு சுமார் 2,900 கிலோ. இவ்வளவு சரக்கு வானத்திலிருந்து விழாது. யாரோ விற்றிருக்கிறார்கள், யாரோ ஏற்றி இறக்கியிருக்கிறார்கள், யாரோ அறை வாடகைக்கு விட்டிருக்கிறார்கள்.

நாளைக்கு என்ன வரும் என்பதையும் ஓரளவு சொல்லலாம். 2021 ஜூன் 27-ஆம் தேதி ஜம்மு விமானப்படைத் தளத்தின்மீது டிரோன் மூலம் குண்டு போட்டார்கள். கல்யாண வீட்டில் படம் எடுக்கிற அதே வகைப் பறக்கும் கருவிதான். சிம் கார்டு, சிலிண்டர், உரம், பழைய வாகனம், டிரோன் எல்லாமே கடைச் சரக்குகள்தாம்.

நம் கரையும் விலக்கல்ல

நம் பகுதி அமைதியான பகுதி என்று பெருமைப்படுகிறோம், உண்மைதான். ஆனால் நம் விழுப்புரம் மாவட்டத்திலேயே, 2010 ஜூன் 12-ஆம் தேதி அதிகாலை, பேரணி ரயில் நிலையம் அருகே சித்தணியில் தண்டவாளம் குண்டு வைத்துத் தகர்க்கப்பட்டது. முன்னால் சென்ற ரயிலின் ஊழியர்கள் அதிர்வை உணர்ந்து உடனே தகவல் சொன்னார்கள். பின்னால் வந்த மலைக்கோட்டை விரைவு ரயில் நிறுத்தப்பட்டது. நூற்றுக்கணக்கான உயிர்கள் பிழைத்தன. அந்த உயிர்களைக் காப்பாற்றியது துப்பாக்கியோ புதுச் சட்டமோ அல்ல. "ஏதோ சரியில்லை" என்று உணர்ந்தவர்கள் அதைத் தமக்குள் வைத்துக்கொள்ளாமல் சொன்னதுதான் காப்பாற்றியது.

இதற்கு நேர்மாறான உதாரணமும் உண்டு. 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறன்று இலங்கையில் தேவாலயங்களிலும் ஓட்டல்களிலும் குண்டு வெடித்து 260-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இரண்டு வாரத்துக்கு முன்பே இந்தியாவிலிருந்து எச்சரிக்கை போயிருந்தது. அது கோப்பிலேயே கிடந்தது.

கடல் வழியும் திறந்தே இருக்கிறது. 2008 நவம்பர் 26-ஆம் தேதி மும்பையில் 166 பேரைக் கொன்ற பத்துப் பேரும், ஒரு மீன்பிடிப் படகைக் கைப்பற்றிக் கடல் வழியாகவே வந்தார்கள். அதன் பிறகுதான் மீனவர் அடையாள அட்டை, கடலோரக் காவல், "சாகர் கவச்" ஒத்திகை எல்லாம் நம் கரையில் தீவிரமாயின. ஒத்திகை நாளில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நம் சரக்கு வண்டி அரை மணி நேரம் நின்றால் முணுமுணுக்கிறோம். முணுமுணுப்பதற்கு முன் மும்பையை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளலாம்.

இடையஞ்சாவடிக்கு இன்னொரு கவலையும் உண்டு. ஆரோவில் பக்கத்தில் இருப்பதால் பல நாட்டார் வந்து போகிறார்கள். விருந்தினர் விடுதி, சைக்கிள் வாடகை, காய்கறி, பேக்கரி என்று பல குடும்பங்கள் அவர்களால் பிழைக்கின்றன. 2025 ஏப்ரல் 22-ஆம் தேதி பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்டதும் காஷ்மீரில் 87 சுற்றுலா இடங்களில் 48 மூடப்பட்டன. குதிரைக்காரர், படகுக்காரர், சால்வைக் கடைக்காரர் அத்தனை பேர் பிழைப்பும் ஒரே நாளில் முடங்கியது. வெளியூர்க்காரரை நம்பி வாழும் ஊருக்கு அமைதியே முதலீடு.

சட்டம் கடைக்குள் வருகிறது

பயங்கரவாதம் கடைச் சரக்கைத் தேடி வந்ததால், அரசாங்கங்களும் கடையைத் தேடி வருகின்றன. ஐரோப்பிய நாடுகளில் 2021 பிப்ரவரி 1 முதல் ஒரு விதி அமலில் உள்ளது. வெடிமருந்துக்குப் பயன்படக்கூடிய பொருட்களைச் சந்தேகமான முறையில் யாராவது வாங்கினால், விற்பவர் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். நம் நாட்டில் அம்மோனியம் நைட்ரேட்டுக்கு 2012 முதல் தனி விதிகள் உள்ளன. உரிமம் இல்லாமல் வைத்திருக்கவோ விற்கவோ கூடாது. 2020-ல் பெய்ரூட் துறைமுகத்தில் 2,750 டன் வெடித்த பிறகுதான், சென்னை மணலியில் 2015-லிருந்து சுமார் 700 டன் அதே சரக்கு கிடப்பது எல்லார் கண்ணிலும் பட்டு அப்புறப்படுத்தப்பட்டது. சிம் கார்டு விற்பவர்கள் பதிவு செய்துகொள்வது 2023 முதல் கட்டாயம். வெளிநாட்டவருக்கு அறை கொடுத்தால் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது நம் ஊர் விடுதிக்காரர்களுக்குப் பழகிய விதி. 2024 ஜூலை 1 முதல் பயங்கரவாதச் செயல் சாதாரணக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவிலேயே 113-ஆம் பிரிவாக வந்துவிட்டது.

இவையெல்லாம் இனி கூடுமே தவிரக் குறையா. கூடாது என்று நாம் சொல்லவும் முடியாது. ஆனால் எப்படிப்பட்ட விதி, யார்மீது, எவ்வளவு நியாயமாக என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. தவறான மருந்து நோயைவிடக் கொடியது என்பதை மூன்று இடங்களில் நாம் கண்டுவிட்டோம்.

முதலாவது யாழ்ப்பாணம். 1990-களில் புலிகளுக்குப் போய்விடும் என்று சொல்லி, பேட்டரி, எரிபொருள், சிமெண்ட், யூரியா முதலியவற்றை இலங்கை அரசு வடக்கே போகவிடவில்லை. போர் நிற்கவில்லை. மண்ணெண்ணெய் விலை எங்கோ போயிற்று. சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டார்கள் மக்கள். நேர்மையான வியாபாரி கடையை மூடினான், கள்ளச் சந்தைக்காரன் கொழுத்தான். சரக்கையே முடக்குவது பாதுகாப்பாகாது.

இரண்டாவது, கண்மூடித்தனமான சட்டம். 1998 ஜனவரியில் ராஜீவ் கொலை வழக்கில் தடா நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்குத் தண்டனை விதித்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் தடா இதற்குப் பொருந்தாது என்று கூறி, அவர்களில் 19 பேரை விடுவித்தது. அதற்குள் அவர்கள் வாழ்க்கையில் எட்டு ஆண்டுகள் போய்விட்டன. தடா 1995-லேயே காலாவதியானது. பின்னர் வந்த பொடாவில், மேடையில் பேசிய பேச்சுக்காக வைகோ ஒன்றரை ஆண்டுக்கும் மேல் சிறையில் இருந்தார். 2004-ல் அதுவும் நீக்கப்பட்டது. தெரிந்து உதவியவனுக்கும் தெரியாமல் விற்றவனுக்கும் வித்தியாசம் பார்க்காத சட்டம் நம்மைப் போன்றவர்கள் கழுத்தில் விழும் கயிறு.

மூன்றாவது, ஆளைப் பார்த்துச் சந்தேகிப்பது. 1997 நவம்பர் கடைசியில் கோவையில் காவலர் செல்வராஜ் கொல்லப்பட்ட பிறகு நடந்த கலவரத்தில் 18 முஸ்லிம்கள் உயிரிழந்தார்கள். கடைகள் சூறையாடப்பட்டன, எரிக்கப்பட்டன. 1998 பிப்ரவரி 14-ஆம் தேதி தொடர் குண்டுவெடிப்பில் 58 பேர் மாண்டார்கள். இரண்டிலும் சாம்பலானது கோவை வணிகம். இலங்கையில் ஈஸ்டர் குண்டுவெடிப்புக்கு அடுத்த மாதமே மினுவாங்கொடை முதலிய ஊர்களில் முஸ்லிம் கடைகளைக் கொளுத்தினார்கள். குண்டு வைத்தவனுக்கு வேண்டியதும் அதுதான்: பக்கத்துக் கடைக்காரனைப் பகையாளி ஆக்குவது. மண்டிக்காரர் ஒரு சமயம், லாரிக்காரர் ஒரு சமயம், வாங்குகிறவர் ஒரு சமயம் என்று பின்னிக் கிடக்கிறது நம் தொழில். ஓர் இழையை அறுத்தால் துணி முழுதும் பிரியும்.

ஆகவே நான் வற்புறுத்திச் சொல்வது ஒன்றே: முகத்தைப் பார்க்காதீர்கள், சரக்கையும் அளவையும் பாருங்கள். வாங்குகிறவர் தொப்பி போட்டிருக்கிறாரா, திருநீறு பூசியிருக்கிறாரா, சிலுவை அணிந்திருக்கிறாரா என்பது நம் கவலையல்ல. நிலமே இல்லாதவர் மூட்டை மூட்டையாக உரம் கேட்கிறாரா, விலையே கேட்காமல் ரொக்கம் நீட்டுகிறாரா, பில் வேண்டாம் என்கிறாரா என்பதுதான் கவலை.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவது, உரம், வேதிப்பொருள், சிலிண்டர், பழைய வாகனம், சிம் கார்டு இவற்றில் பில் இல்லாத வியாபாரம் கூடாது. மொத்தமாகக் கேட்டால் பெயரும் ஊரும் எழுதுங்கள். இது வரிக்காக மட்டுமல்ல, நம் தற்காப்புக்காக.

இரண்டாவது, உரிமமில்லாமல் சிலிண்டருக்கு எரிவாயு மாற்றி நிரப்பும் தொழிலை நம் உறுப்பினர் எவரும் செய்யக் கூடாது. செய்கிறவருக்குச் சங்கம் பரிந்து பேசவும் கூடாது.

மூன்றாவது, கடை வாசலில் கேட்பாரற்றுக் கிடக்கும் பை, நாள் கணக்கில் நிற்கும் வண்டி ஆகியவற்றைத் தொடாதீர்கள், 112-க்குச் சொல்லுங்கள். கடலோரத்தில் புதுப் படகையோ புது ஆட்களையோ கண்டால் 1093.

நான்காவது, கடையின் காப்பீட்டுப் பத்திரத்தை இன்றே எடுத்துப் பாருங்கள். 2001-ல் அமெரிக்க இரட்டைக் கோபுரம் தகர்ந்த பின் வெளிநாட்டு மறுகாப்பீட்டு நிறுவனங்கள் கையை விரித்தன. அதனால் 2002 ஏப்ரலில் நம் நாட்டுக் காப்பீட்டு நிறுவனங்கள் சேர்ந்து, ஜி.ஐ.சி. நிர்வாகத்தில் பயங்கரவாத இழப்புக்கென்று ஒரு பொது நிதியம் அமைத்தன. மும்பை ஓட்டல்களுக்கு 2008 தாக்குதலுக்கான இழப்பீடு அதிலிருந்துதான் போயிற்று. தீக்காப்பீடு எடுத்தவர்கள் எல்லாருக்கும் இந்தப் பாதுகாப்பு தானாக வந்துவிடும் என்று எண்ணிவிடாதீர்கள். உங்கள் பத்திரத்தில் அந்தப் பிரிவு இருக்கிறதா என்று முகவரைக் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

அரசு செய்ய வேண்டியவை

எந்தெந்தப் பொருளுக்குப் பதிவேடு வேண்டும், எந்த அளவுக்கு மேல் வேண்டும் என்று தமிழில் ஒரே பட்டியலாக அச்சிட்டு ஒவ்வொரு கடைக்கும் தர வேண்டும். விதி என்ன என்றே தெரியாமல், மீறினாய் என்று அபராதம் போடுவது தர்மமல்ல.

தகவல் சொன்ன வியாபாரியையே முதல் சாட்சியாக்கி, கோர்ட்டுக்கும் ஸ்டேஷனுக்கும் அலையவிடும் வழக்கம் நிற்க வேண்டும். பெயரை வெளியிடாமல் தகவல் பெற வழி வேண்டும். பில்லோடு, நல்லெண்ணத்தோடு விற்றவருக்குச் சட்டத்திலேயே பாதுகாப்பு எழுதப்பட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, விதி எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். 2019 பிப்ரவரி 14-ஆம் தேதி புல்வாமாவில் மத்திய ரிசர்வ் போலீசார் 40 பேரைப் பலிவாங்கிய குண்டில் சேர்த்த அலுமினியத் தூள், இணைய விற்பனைத் தளத்தில் வாங்கப்பட்டது. இதைப் பயங்கரவாத நிதியைக் கண்காணிக்கும் எப்.ஏ.டி.எப். என்ற பன்னாட்டு அமைப்பே 2025 ஜூலையில் எழுதியிருக்கிறது. உள்ளூர்க் கடைக்காரன் வாங்குகிறவரின் கண்ணைப் பார்க்கிறான், "எதுக்குப்பா இவ்வளவு?" என்று கேட்கிறான். இணையத் தளம் கண்ணையும் பார்ப்பதில்லை, காரணமும் கேட்பதில்லை. நமக்குப் பதிவேடு, அவர்களுக்குத் திறந்த கதவு என்றால், கெட்டவன் எந்த வழியாகப் போவான் என்று சொல்லவும் வேண்டுமோ?

ஊர் மனிதரை அறிந்த கடைக்காரன் இருக்கிற தெரு, நூறு கேமரா வைத்த தெருவைவிடப் பத்திரமானது. அரசு இதை உணர்ந்து நம்மைச் சந்தேகத்துக்குரியவராக நடத்தாமல் துணைவராக நடத்தட்டும். நாமும் அந்த நம்பிக்கைக்கு ஏற்றபடி நடப்போம்.

என் தகப்பனார் இப்போது இல்லை. அந்த 1991-ஆம் ஆண்டு பில் புத்தகத்தை மட்டும் நான் இன்னும் எறியவில்லை; கல்லாப் பெட்டியின் அடித்தட்டில் கிடக்கிறது. கடைக்குப் புதிதாக வரும் பையனுக்கு முதல் நாள் அதைத்தான் எடுத்துக் காட்டுகிறேன். "தம்பி, சரக்கு கொடுக்கறதுக்கு முன்னாடி பில் போடு. ஒரு நாள் அது உன்னையும் காப்பாத்தும், ஊரையும் காப்பாத்தும்" என்று சொல்லிவைக்கிறேன்.